மூன்றாவது தோட்டா இறங்கவில்லை: 209 பிரைமர் தேடிய கதை

முதல் இரண்டு தோட்டாவும் ஒழுங்காகத்தான் இறங்கின. மூன்றாவது, வெடிமருந்துக்கு நாலு விரற்கடை மேலே வந்ததும் நின்றுகொண்டது. இடிகம்பியின் மேல் உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினேன். அசையவே இல்லை. அடியில் மருந்து, மேலே தோட்டா, நடுவில் வெற்றிடம். மஸில்லோடரில், அதாவது வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கியில், இதைவிட ஆபத்தான நிலை இல்லை. "சுட்டுத் தள்ளிவிடலாமே" என்று கை பரபரக்கும். அப்படிச் சுட்டால் குழல் உப்பலாம், பிளக்கவும் செய்யலாம். மருந்தைக் கொளுத்துகிற சின்னக் குப்பியான பிரைமரை இன்னும் வைக்காததால் மூச்சு விட்டுக்கொண்டு, துப்பாக்கியை ஒடித்துத் திறந்து, குழலின் பின்பக்கத்தை அடைக்கும் திருகான பிரீச் பிளக்கைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டு, பின்வழியே கம்பி விட்டு அந்தத் தோட்டாவை வாய்ப்பக்கமாகத் தள்ளி எடுத்தேன். அன்றைய சனிக்கிழமை அதோடு முடிந்தது.

பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் எழுந்து வந்து என் பிரைமர் தட்டை எடுத்துப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: "அகல் விளக்கை ஏத்துறதுக்குத் தீவட்டி கொண்டுவந்திருக்கியேப்பா."

இடம் ஒஹாயோ, கொலம்பஸுக்கு வடக்கே ஒரு பொதுச் சுடுதளம். ஜனவரி தொடக்கத்தில் இங்கே வெண்வால் மானுக்கு மஸில்லோடர் சீசன் நாலே நாள் வரும். அதற்குள் துப்பாக்கியை வழிக்குக் கொண்டுவர வேண்டும் என்று நவம்பரிலேயே ஆரம்பித்துவிட்டேன். துப்பாக்கி பழசாக வாங்கியது. 50 காலிபர் இன்லைன், நடுவில் ஒடித்துத் திறக்கும் வகை, குழல் நன்றாகவே இருந்தது. மருந்து, ஹாட்ஜ்டன் கம்பெனியின் டிரிபிள் செவன், தூள் வடிவம், 100 கிரெயின் அளவு (கிரெயின் என்பது மருந்தையும் தோட்டாவையும் அளக்கிற சிறு அலகு). தோட்டா 250 கிரெயின், சேபோவில் உட்கார்ந்தது. சேபோ என்றால் தோட்டாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் சட்டை. குழலின் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு சுழல்வது அதுதான், வெளியே போனதும் இதழ் விரிந்து கழன்று விழுந்துவிடும். பிரைமர், கடையில் இருந்தவர் "எதை வேண்டுமானாலும் போடலாம், சூடு அதிகம் இருந்தால் நல்லதுதான்" என்று கொடுத்த மேக்னம் ரகம்.

இன்லைன் என்பதற்கு அர்த்தம், தீ திரும்பாமல் நேராகப் போகிறது என்பதுதான். பழைய துப்பாக்கிகளில் குதிரை, அதாவது அடிக்கிற சுத்தி, பக்கவாட்டில் இருக்கும். அது அடிக்கும் பொட்டுவெடி போன்ற கேப்பில் பிறந்த பொறி ஒரு முடுக்கு திரும்பித்தான் மருந்துக்குப் போகும். இதில் பிரைமர், அதற்கு முன்னால் பிரீச் பிளக்கின் ஊசித்துளை, துளைக்கு முன்னால் மருந்து, மருந்தின் தலையில் தோட்டா என்று எல்லாம் ஒரே வரிசை. மிசௌரிக்காரர் டோனி நைட் 1985-இல் செய்த எம்கே-85 வந்த பிறகுதான் இந்த வகை பரவியது. அதிலும் ஆரம்பத்தில் 11-ஆம் நம்பர் கேப்தான் உண்டு. ஷாட்கன் தோட்டாவின் அடியில் இருக்கும் 209 பிரைமர் பிறகு வந்து சேர்ந்தது.

எங்கள் தாத்தாவிடம் காட்டுப்பன்றிக்கு என்று லைசென்ஸ் போட்ட நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. கரிமருந்தைப் போட்டு, தேங்காய் நாரை அடைத்துக் கெட்டித்து, மேலே ரவை, அதன்மேல் இன்னொரு சுருள் நார். கேப்பு, தீபாவளிப் பொட்டுவெடியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். அந்தப் பொறிக்கே மருந்து பிடித்துக்கொள்ளும். கரிமருந்து அப்படி, பொறி பட்டால் போதும். டிரிபிள் செவன், பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் அவ்வளவு சுலபத்தில் பற்றாது, கொஞ்சம் கூடுதல் சூடு கேட்கும். 209 பிரைமர் வந்ததற்கு அது ஒரு காரணம். ஆனால் 209 பிறந்தது ஷாட்கன் தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லா மருந்தைக் கொளுத்த. டிரிபிள் செவனுக்கு அத்தனை சூடு தேவையே இல்லை. நான் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான்.

(புகையில்லா மருந்து என்று எழுதிவிட்டதால் சொல்லிவிடுகிறேன். அதற்கென்றே செய்த சில துப்பாக்கிகளைத் தவிர வேறு எந்த மஸில்லோடரிலும் அதைப் போடக்கூடாது. கொஞ்சம்கூடக் கூடாது.)

வீட்டுக்கு வந்து குழலுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றிய பின்பக்கத்திலிருந்து பார்த்தால் முதலில் ஓரளவு சுத்தமான பகுதி, அதைத் தாண்டி, மருந்து முடிந்து தோட்டா தொடங்கும் இடத்தில், குழலைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். பழைய தோசைக்கல் ஓரத்தில் எண்ணெய் இறுகிக் கெட்டியாகுமே, அந்தப் பதம். உலர்ந்த பிரஷ்ஷுக்கு மசியவில்லை. ஈரத் துணி ஒன்று போய் வந்ததும் கரைந்துவிட்டது. டிரிபிள் செவன்காரர்கள் எல்லோரும் இதைக் கசடு வளையம் என்ற பெயரில் புலம்புவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பிரைமர் எவ்வளவு உக்கிரமாக இருக்கிறதோ அவ்வளவு கெட்டியாக இந்த வளையம் விழும். இதற்காகவே வின்செஸ்டர் டிரிபிள் செவன் பேரைப் போட்டு சூடு குறைத்த 209 ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ரெமிங்டனிலும் கிளீன்போர் என்ற பெயரில் மஸில்லோடருக்கு என்றே ஒன்று வந்தது.

ஏன் வளையம் விழுகிறது என்பதற்கு என் புரிதல் இது. பிரைமர் வெடிக்கும்போது தீ மட்டும் போவதில்லை, கூடவே ஒரு தள்ளும் போகிறது. உக்கிரமான பிரைமர் என்றால், மருந்து முழுக்கப் பற்றுவதற்கு முன்பே அந்தத் தள்ளு தோட்டாவைச் சற்று நகர்த்திவிடுகிறது. மருந்து அந்தக் காலி இடத்தில் சிதறி எரிகிறது, உருகிய கசடு அதே இடத்தில் போய் அப்பிக்கொள்கிறது. இது உண்மையா என்று பார்க்க ஒரு வேலை செய்தேன். சுடுதளத்தில், குழல் முன்பக்கம் பார்த்தபடி, மருந்தே போடாமல் சேபோவை மட்டும் அடி வரை இறக்கி, இடிகம்பியில் வாய் மட்டத்துக்கு ஒரு கோடு போட்டேன். பிறகு பிரைமரை மட்டும் சுட்டேன். மேக்னம் பிரைமர் தோட்டாவை ஒரு சாணுக்கு மேல் முன்னால் தள்ளிவிட்டது. சூடு குறைந்த மஸில்லோடர் பிரைமர் தள்ளியது இரண்டு விரற்கடை. வெறும் பிரைமர், மருந்து ஒரு கிரெயின்கூட இல்லை! ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றி, சேபோவை வெளியே தள்ளி எடுத்த பிறகுதான் அடுத்த வேலை. குழலுக்குள் பாதி வழியில் தோட்டா நிற்க, மறந்துபோய் மருந்தைக் கொட்டினால் நான் முதல் பத்தியில் சொன்ன கதைதான் திரும்ப நடக்கும்.

இரண்டாவது சனிக்கிழமைக்கு மூன்று ரகம் வாங்கிப் போனேன். 209 என்று பெட்டியில் எழுதியிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். அளவு ஒன்றுதான்: உடம்பு 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், விளிம்பு 8-க்குச் சற்றுக் கீழே. உள்ளே அடைத்திருக்கும் சரக்கு வேறு. ஃபெடரல் 209ஏ, சிசிஐ 209எம் இரண்டும் உக்கிர ரகம் என்று பேர் வாங்கியவை. வின்செஸ்டர் டபிள்யூ209, ரெமிங்டன் எஸ்டிஎஸ், சாதாரண சிசிஐ 209 எல்லாம் நடுத்தரம். மஸில்லோடருக்கு என்று எழுதி வருபவை சாந்தம். கடையில் நூறு நூறாக விற்கிறார்கள். 2020, 2021-இல் பிரைமர் பஞ்சம் வந்தபோது அலமாரியே காலியாகக் கிடந்தது, இருந்ததை எடுத்தோம். இப்போது தேர்ந்தெடுக்க முடிகிறது. ஆன்லைனில் வாங்கினால் ஆபத்தான பொருள் என்று தனிக் கட்டணம் வைப்பார்கள், இருநூறு முன்னூறு பிரைமருக்கு அது கட்டுப்படியாகாது.

சோதனைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமே. "கொஞ்சம் இறுக்கம்", "ரொம்ப இறுக்கம்" என்று நோட்டில் எழுதி என்ன பிரயோஜனம்? கடைசியில் கைகொடுத்தது, ஊருக்குப் போகும்போது பெட்டி 23 கிலோ தாண்டாமல் பார்க்க வைத்திருந்த கைத்தராசு. இடிகம்பியின் குறுக்குப் பிடியில் ஒரு பட்டையை மாட்டி, அதன் கீழ்நுனியில் தராசைக் கோத்து, துப்பாக்கியை நிமிர்த்தி நிறுத்திக்கொண்டு, முகத்தையும் உடம்பையும் வாய்க்கு நேரே கொண்டுபோகாமல் பக்கவாட்டில் நின்று கீழே இழுத்தேன். எந்த எடையில் தோட்டா நகர்ந்து அடி சேர்கிறதோ அதுதான் கணக்கு. பார்ப்பவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மருந்தை 90 கிரெயின் அளவுக்குக் குறைத்துக்கொண்டேன். டிரிபிள் செவன் கரிமருந்தைவிட வேகம் கூடியது. அளவுக் குவளையில் அதே கோட்டுக்கு எடுத்தால் சுமார் 15 சதவீதம் அதிக வலு. அதனால் 90 போட்டாலே கரிமருந்து 100 போட்டதற்கு மேல்தான். இடையில் துடைக்காமல் ஐந்து வெடி, ஒவ்வொரு ரகத்துக்கும். ரகம் மாறும்போது குழலை முழுக்கச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்தது.

சுத்தமான குழலில் தோட்டா இறங்க 11, 12 கிலோ கேட்டது. மேக்னம் பிரைமரில் இரண்டாவது தோட்டாவுக்கு 19 கிலோ, மூன்றாவதுக்கு 31 கிலோ ஆகியும் அடி சேரவில்லை, அங்கேயே நிறுத்தி மறுபடி பின்வழியே எடுத்தேன். நடுத்தரத்தில் 15, 20, 24 என்று ஏறி, ஐந்தாவது இறங்கும்போது கை நடுங்கியது. சாந்த ரகத்தில் 13, 14, 16, கடைசி தோட்டாவுக்கு 17. அதே மருந்து, அதே தோட்டா, அதே ஆள். மாறியது ஒரு பட்டாணி அளவுப் பித்தளைக் குப்பி. ஐம்பது கஜத்தில் குறியும் மாறியது: மேக்னத்தில் சுட்ட இரண்டு தோட்டாவுக்கே இடைவெளி மூன்று இன்ச் இருந்தது, சாந்த ரகத்தின் ஐந்தும் இரண்டு இன்ச்சுக்குள் விழுந்தன. ஒருநாள் சோதனையை வைத்துப் பெரிதாகப் பேச மாட்டேன். ஆனால் தராசு முள் சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

சாந்த பிரைமர் போட்டுச் சுட்டபோது குழல் சுத்தமாக இருந்தது, துப்பாக்கியின் முதுகு அசிங்கமாகிவிட்டது. ஸ்கோப்பின் அடிப்பக்கம், திறக்கும் இடம், சுத்தி விழும் முகம் எல்லாம் அடுப்புக்கரி பூசிய மாதிரி. சுட்ட பிரைமரை எடுத்துப் பார்த்தால் உடம்பின் பக்கவாட்டில் கறுப்புக் கோடுகள் விளிம்பு வரை ஏறியிருந்தன. தீ முன்னால் போனதோடு, கொஞ்சம் பின்னாலும் கசிந்திருக்கிறது. மேக்னம் போட்டபோதும் இது இருந்திருக்க வேண்டும். வளையத்தோடு மல்லுக்கட்டிய அவசரத்தில் கவனிக்கவில்லை.

காரணம் எளிது. துப்பாக்கியை மூடும்போது பின்சுவர் பிரைமரின் விளிம்பை பிளக்கோடு சேர்த்து லேசாக நசுக்க வேண்டும். நசுங்கினால்தான் வாயு அடைபடும். அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் வாயு அதன் வழியே பின்னால் வந்துவிடும். என் துப்பாக்கி பழசு, பிளக்கின் முகம் தேய்ந்திருக்கலாம். எவ்வளவு இடைவெளி என்று பார்க்க செல்லோடேப்பை எடுத்தேன். மருந்தில்லாத துப்பாக்கியில், ஏற்கெனவே சுட்ட பிரைமரின் பின்பக்கம் டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டி மூடினேன். ஓர் அடுக்கு: சுகமாக மூடியது. இரண்டு: அப்போதும் மூடியது. மூன்றாவது அடுக்கில்தான் விரலுக்கு ஒரு பிடிப்புத் தெரிந்தது. அந்த டேப் ஓர் அடுக்கு 0.05 மில்லிமீட்டர் என்று வெர்னியர் காட்டியது. ஆக இடைவெளி 0.1-க்குக் கொஞ்சம் மேல். கண்ணுக்குத் தெரியாத அளவு. ஸ்கோப்பைக் கரியாக்க அது போதும்.

பிரைமர் கம்பெனிக்குக் கம்பெனி விளிம்புத் தடிமனில் மிகச் சிறிய வித்தியாசம் இருக்கும். சிலருக்கு வேறு கம்பெனி பிரைமர் போட்டதுமே கசிவு நின்றுபோவது இதனால்தான். எனக்கு நின்றது, பிரைமர் விளிம்புக்கு அடியில் பிளக்கின் வாயில் ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங் வைத்த பிறகு. முதலில் வைத்தது தடிமனாகி, துப்பாக்கி மூடவே இல்லை. பலவந்தமாக மூடப் பார்க்கவில்லை, உள்ளே இருப்பது வெடிக்கிற சாமான் அல்லவா. அடுத்த அளவு மெல்லியது சரியாக உட்கார்ந்தது. கட்டைவிரலில் ஒரு சின்ன எதிர்ப்பு, அப்புறம் "டக்" என்று பூட்டு விழும் சத்தம். அதற்குப் பிறகு சுட்ட பிரைமர்கள் பக்கவாட்டில் பித்தளை நிறம் மாறாமல் வெளியே வந்தன. சுத்தமாகச் சுட வேண்டும் என்று பிரைமர் மாற்றுகிறவர்கள் முதலில் இந்த டேப் வேலையைச் செய்து பார்ப்பது நல்லது. கரி எங்கே விழுகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. குழலுக்குள் என்றால் உக்கிரம், முதுகில் என்றால் இடைவெளி.

அப்படியானால் மேக்னம் பிரைமருக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. அதையும் தப்பு செய்துதான் கற்றேன்.

பிளாக்ஹார்ன் 209 என்று ஒரு மருந்து. 2008-இல் வந்தது, மொன்டானாவின் மைல்ஸ் சிட்டியில் இருந்த வெஸ்டர்ன் பவுடர்ஸ் தயாரித்தது. 2020-இல் ஹாட்ஜ்டன் கைக்குப் போனது. வளையம் விழாது, இடையில் துடைக்க வேண்டாம், குழலை அரிக்காது என்று எல்லோரும் சொல்லவே ஒரு குப்பி வாங்கினேன். விலை கொஞ்சம் கண்ணைக் கட்டும். மூன்றாவது சனிக்கிழமை, போன வாரம் ஜெயித்த சாந்த பிரைமரையே பெருமையாக மாட்டினேன். விசையை இழுத்தேன். "டப்" என்று பிரைமர் சத்தம் மட்டும். துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமல், வாய் குறியைப் பார்த்தபடியே பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று எண்ணி முடிப்பதற்குள் வெடித்தது. அந்த அரை விநாடியில் வாயைத் திருப்பியிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றில் ஏதோ செய்கிறது. அடுத்த முறை வெடிக்கவே இல்லை. நிமிடக் கணக்கில் அப்படியே நின்று, பிறகு புதுப் பிரைமர் போட்டுத்தான் காலி செய்தேன்.

குப்பியோடு வந்த குறிப்பை வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தேன். முழு வலு 209 போடுங்கள், மஸில்லோடருக்கு என்று சூடு குறைத்தது வேண்டாம் என்று தெளிவாகவே இருந்தது. மற்ற மாற்று மருந்துகளைவிட இது பற்றுவதற்குக் கடினம். நான் தீவட்டி என்று ஒதுக்கிய மேக்னம்தான் இதற்கு ஏற்ற தீக்குச்சி. மாற்றிப் போட்டேன். பத்து வெடியும் இழுத்த இழுப்பில் வெடித்தன. தராசு முதலிலிருந்து கடைசி வரை 11-க்கும் 13-க்கும் இடையிலேயே ஆடியது. மேக்னம் பிரைமர் போட்டும் வளையம் இல்லை. வளையம் பிரைமரின் தனிக் குணம் அல்ல, டிரிபிள் செவனும் உக்கிரப் பிரைமரும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்பது அப்போது விளங்கியது.

பிளாக்ஹார்னுக்கு இரண்டு எச்சரிக்கை. எடையால் அளக்கிறவர்கள் ஏமாந்துவிடக் கூடாது. குவளையில் 100 கிரெயின் கோடு என்பது தராசில் 70 கிரெயின்தான் வரும். தராசில் நூறு எடுத்துப் போட்டால் உச்ச அளவைத் தாண்டிவிடுவீர்கள். இன்னொன்று, பிளக்கின் தீ போகும் வழி. குழலை சுத்தமாக விட்டுவிடும் இந்த மருந்து, பிளக்கின் உள்வழியில் கெட்டிக் கரியை ஏற்றிவிடுகிறது. பத்து வெடிக்குப் பிறகு பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். வழி குறுகி, சுவர் முழுக்கப் பளபளப்பான கறுப்பு ஓடு. கரைப்பான் ஊற்றினால் அசையாது. கால் அங்குலத்தில் பாதி, அதாவது 1/8 இன்ச் டிரில் பிட்டை விரலில் பிடித்து, மெஷினில் மாட்டாமல், மெதுவாகத் திருகினால் கரி தூள்தூளாக உதிர்கிறது. முன்னால் இருக்கும் ஊசித்துளையைத் தொடக் கூடாது, அது அகலமானால் பிளக்கையே மாற்ற வேண்டியதுதான்.

துடைப்பதிலும் ஒரு தடவை கோட்டை விட்டேன், அதையும் எழுதிவிடுகிறேன். டிரிபிள் செவனுக்கு இடையிடையே ஈரத் துணி விட்டுத் துடைத்தால் எந்தப் பிரைமரோடும் காலம் தள்ளலாம், அது தெரிந்த வழிதான். துணியை எச்சில் தொட்ட ஈரத்துக்கு விடுவதற்குப் பதிலாகச் சொட்டச் சொட்ட விட்டேன். துணி கசடைக் கரைத்து, அந்தக் கரைசலைத் தள்ளிக்கொண்டு போய் ஊசித்துளைக்குள் இறக்கிவிட்டது. அடுத்த பிரைமர் வெடித்தது, தீ மருந்துக்குப் போகவில்லை. இப்போது பழக்கம்: ஈரத் துணி ஒன்று, உலர்ந்த துணி இரண்டு, பிறகு மருந்தில்லாமல் ஒரு பிரைமர் மட்டும். குழலின் அடியில் ஓர் உலர்ந்த துணியை வைத்து அந்தப் பிரைமரைச் சுட்டால், துணியில் கறுப்புப் பொட்டு விழுந்திருந்தால் வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகு ஒரு நிமிடம் விட்டுத்தான் மருந்து.

வீட்டுச் சுத்தம் அப்போது அடுக்களைத் தொட்டியில்தான் நடந்தது. டிரிபிள் செவனுக்கு வெந்நீர் போதும், மேக்னம் நாட்களில் ஒன்பது துணி கறுத்தது, சாந்த பிரைமர் நாளில் நாலு. போன வருடம் பைரோடெக்ஸ் போட்டுச் சுட்டுவிட்டு வந்து கழுவியபோது வீடு முழுக்க அழுகிய முட்டை வாடை வந்து பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. இந்த முறை மனைவி எட்டிப் பார்த்து, "என்னங்க, முட்டை நாத்தம் காணோமே, நிஜமாவே சுட்டீங்களா?" என்றாள். டிரிபிள் செவனில் கந்தகம் இல்லை, அதனால்தான் வாடை இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். "தொட்டியைத் தேய்ச்சு வைங்க, அது போதும்" என்று போய்விட்டாள். அவள் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. பெரும்பாலான பிரைமர்களில் ஈய உப்பு இருக்கிறது. அதனால் இப்போது துப்பாக்கி சாமான் அடுக்களைக்கு வருவதில்லை, கராஜில் தனி வாளி, வேலை முடிந்ததும் கை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் காபி டம்ளரைத் தொடுவது.

சாதாரண ரைஃபிள் தோட்டாவின் பிரைமரைப் போட்டுச் சுடும் ஏற்பாடுகளும் உண்டு. சிவிஏ பாரமவுண்ட்டில் பெரிய ரைஃபிள் பிரைமரை ஒரு குட்டிக் குப்பியில் பொருத்தி வைக்கிறார்கள், குப்பியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். எனக்கு ஒரு துப்பாக்கிக்கு இந்த அளவு ஆராய்ச்சியே மூச்சு வாங்குகிறது, அந்தப் பக்கம் போகவில்லை.

கடைசியாகக் குளிர். ஜனவரி காலையில் இங்கே பூஜ்யத்துக்குக் கீழே போகும். சூடு குறைந்த பிரைமர் அந்தக் குளிரில் காலை வாருமோ என்ற பயம் இருந்தது. டிசம்பர் கடைசியில் மைனஸ் 9 செல்சியஸில் ஒரு காலை, துப்பாக்கியையும் பிரைமரையும் இரவெல்லாம் காரிலேயே விட்டு வைத்திருந்து போய்ச் சுட்டேன். டிரிபிள் செவன் 90, சாந்த பிரைமர், ஓ-ரிங். ஆறு வெடி, ஆறும் தாமதமில்லாமல். விரல்தான் விறைத்து பிரைமரை இரண்டு முறை பனியில் தவறவிட்டது. விழுந்ததைத் துடைத்துப் போடாமல் தனியே வைத்துவிட்டேன்.

சீசனுக்கு அதே கூட்டணிதான் போகிறது. பிளாக்ஹார்ன் இன்னும் நல்லது என்று தெரியும், ஆனால் என் பிளக்கின் தீவழி அதற்கு ஏற்ற வடிவம் இல்லை. அதற்கேற்ற பிளக் வாங்கும் வரை அது சுடுதளத்தோடு நிற்கட்டும். பிரைமர்களை அவை வந்த தட்டை விட்டு வேறு பாட்டிலில் கொட்டிக் கலக்குவதில்லை, ஒன்றோடொன்று உரசக் கூடாது. மேக்னம் தட்டையும் பிளாக்ஹார்ன் குப்பியையும் ஒரு துணிப்பையில், சாந்த ரகத்தையும் டிரிபிள் செவனையும் இன்னொன்றில் போட்டிருக்கிறேன். இரண்டும் ஊரில் ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சள் பைகள். ஒன்றில் சிவப்பு மார்க்கரில் "தீவட்டி" என்றும் மற்றதில் "அகல்" என்றும் எழுதியிருக்கிறது.